கிழக்கே வழிந்த பாலும் என் ஒரு வாக்கும்

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைக் கைவிட்டது. அதற்கு முன்பே நான் அதைக் கைவிட்டிருந்தேன், அது வேறு கதை. அப்படிப்பட்ட நான் இந்தச் சிட்னியில் என்னென்ன செய்திருக்கிறேன் என்று கேளுங்கள். செவன் ஹில்ஸில் ஓர் இரும்புப் பட்டறையை "யெஸ்", "நோ", "டுமாறோ" என்ற மூன்று சொற்களை மட்டும் வைத்துக்கொண்டு தொடங்கினேன். மேற்குச் சிட்னியில் நீங்கள் சாய்ந்து நின்று போன் பேசுகிற பல்கனிக் கம்பிகளில் பாதி என் கையால் வந்தவை. மற்றப் பாதி ஆடும், தொட்டுப் பாருங்கள். கோயில் தேருக்கு பிரேக் செய்து கொடுத்தேன். அந்தத் தேர் இன்றுவரை ஒரு காரிலும் இடித்ததில்லை. வங்கி கையை விரித்தது, முதுகு பிடித்துக்கொண்டது, மைத்துனன் "உது சரிவராது அத்தான்" என்றான். எல்லாம் சரிவந்தது. இவை அனைத்துக்கும் மேலே, நான் கட்டிய பொங்கல் அடுப்பு.

அந்த அடுப்பைப் பற்றிக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். பழைய சலவை இயந்திரத்தின் உள் உருளையை வெட்டி, மூன்று கால் வைத்து, ஒவ்வொரு காலிலும் ஏற்றி இறக்கத் திருகாணி வைத்தேன். பால் கிழக்குப் பக்கம் பொங்கி வழிந்தால் ஆண்டு நன்றாக இருக்கும் என்பது நம் ஆட்களின் நம்பிக்கை. ஒரு வருடம் அது தெற்கே வழிந்துவிட்டது. அந்த வருடம் முழுக்க யாருடைய கார் இடிபட்டாலும், யாருக்கு மூட்டு வலித்தாலும் தெற்குத்தான் காரணம் என்றார்கள். நான் அடுத்த பொங்கலுக்குள் இந்த அடுப்பைச் செய்தேன். மேற்குக் காலின் அடியில் ஒரேயொரு இரும்பு வாசர், நட்டுக்கு அடியில் போடுகிற வட்டத் தகடு. கண்ணுக்குத் தெரியாத சரிவு. பாலுக்குக் கிழக்கை விட்டால் போக இடமில்லை. மற்றவர்கள் நம்பிக்கையை நம்பிக்கொண்டிருந்தார்கள். நான் அதற்கு நட்டுப் போட்டு இறுக்கினேன்.

இதைப் பலமுறை எல்லோருக்கும் சொல்லியிருக்கிறேன். யாரும் காதில் வாங்கவில்லை.

எங்கள் தமிழ்ச் சங்கத்தின் பொங்கல் என் பட்டறை முற்றத்தில், தை பிறந்து வருகிற முதல் ஞாயிற்றுக்கிழமை நடக்கும். இங்கே நல்ல நேரம் பார்ப்பது பஞ்சாங்கத்தில் அல்ல, தீயணைப்புப் படையின் செயலியில். கோடை வெக்கைக்காக வெளியே நெருப்பு மூட்டக் கூடாதென்ற தடை அன்று இல்லை என்று மகள் போனைப் பார்த்துச் சொன்ன பிறகுதான் விறகை எடுத்தேன். ஆனால் இந்த முறை ஒரு சிக்கல் இருந்தது. வழக்கமாகப் பானையில் முதற்பிடி அரிசி போடுகிற, எங்களில் ஆக வயதான அம்மா மகனோடு மெல்பேர்னுக்குக் குடிபோய்விட்டார். அந்த இடம் காலி. அது யாருக்கு என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. புது வேட்டி கட்டியிருந்தேன்.

யாராவது என்னைக் கூப்பிடுவார்கள் என்று அடுப்புக்குப் பக்கத்திலேயே நின்றேன். அவர்களோ தேர்தல் பேசிக்கொண்டிருந்தார்கள். அண்மையில் குடியுரிமை எடுத்த நாலைந்து குடும்பங்கள் வந்திருந்தன.

"அங்கிள், வோட்டுப் போடப் போகாட்டில் தண்டக் காசு கட்டோணுமாமே?" என்று ஒரு பிள்ளை என்னிடம் கேட்டாள்.

"ஓம். கட்டாயம் போகோணும்."

மன்னாரிலிருந்து வந்த அன்ரி ஒருவர் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தேவாலயத்திலும் அவர்தான் பொங்கல் பொங்குவார், எங்களிடமும் வருவார். "ஊரில வோட்டுப் போடப் போறதெண்டாப் பயம். இஞ்ச போகாமல் விடுறதெண்டாப் பயம். பயம் மட்டும் எங்களை விட்டிட்டுக் கப்பல் ஏறேல்லை" என்றார்.

"பயப்படாதீங்க ஆன்ட்டி, வாசல்லயே சாஸேஜ் விப்பாங்க. நான் அதுக்காகத்தான் போறேன்" என்றார் கம்ப்யூட்டர் வேலை செய்யும் கோயம்புத்தூர்த் தம்பி.

"மச்சம் இறைச்சி சாப்பிடாத ஆக்களுக்கு?" என்று கேட்டார் அன்ரி.

"பிரெட்ல வெங்காயம் மட்டும் வச்சுத் தருவாங்க."

"அப்ப அது வோட்டில்லைத் தம்பி, விரதம்."

தேர்தல் நாட்களில் வாக்குச்சாவடியில் வேலை செய்கிற என் மகள் உடனே வகுப்பெடுக்கத் தொடங்கினாள். "பெரிய தேர்தலில ஒராளுக்கு மட்டும் புள்ளடிக் குறி போட்டிட்டு வரேலாது. எல்லாப் பெட்டிக்கும் நம்பர் போடோணும். ஆகப் பிடிச்சவருக்கு ஒண்டு, அடுத்தவருக்கு ரெண்டு. ஒண்டு ஆகக் குறைய விழுந்தவர் முதல் வெளியே."

"பிடிக்காதவனுக்கும் நம்பரோ?" என்றார் ஓய்வுபெற்ற கணக்காளர் ஒருவர். சங்கத்தில் எதைத் தொட்டாலும் சட்டம் பேசுகிறவர்.

"ஓம் அங்கிள். அவருக்குக் கடைசி நம்பர்."

"பிடிக்காதவனையும் வரிசையில நிக்க வைச்சு மரியாதை செய்யிற நாடு" என்று அவர் வியந்தார்.

அப்போதுதான் மகள் அந்த யோசனையைச் சொன்னாள். முதற்பிடி அரிசி யாருக்கு என்பதையே வாக்குப் போட்டு முடிவு செய்யலாமாம். புதியவர்களுக்குப் பழக்கமும் ஆகும். அன்ரி, கணக்காளர், நான் என்று மூன்று வேட்பாளர்கள். எனக்குத் துளியும் கவலையில்லை. பட்டறைக்குள் ஓடி, மிச்சத் தகட்டில் ஒரு வாக்குப்பெட்டியே வெல்டிங்கில் ஒட்டிக்கொண்டு வந்தேன். மேலே தாள் போட ஒரு கீறல், மற்ற எல்லாப் பக்கமும் ஒட்டு. கள்ள வாக்குக்கு ஊசி முனை இடமில்லை.

மறைவுக்கு முற்றத்தில் நின்ற என் வான் வண்டி. அதன் பின்னால் போய்த் தாளைப் பார்த்தேன். என் பெயருக்கு நானே ஒன்று போடுவது அழகா? பந்தியில் வீட்டுக்காரன் கடைசியாகத்தானே உட்காருவான்? பட்டறை என்னுடையது, அடுப்பு என்னுடையது, பெட்டி என்னுடையது. ஆகவே அன்ரிக்கு ஒன்று, கணக்காளருக்கு இரண்டு, எனக்குக் கடைசி என்று போட்டேன். மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

எண்ணுகிற நேரம் வந்தபோதுதான் பெட்டிக்குத் திறக்கிற வழி இல்லை என்பது தெரிந்தது. அதைப் பிழை என்று சொல்கிறார்கள். பாதுகாப்பு என்றால் அதுதான். இரும்பறுக்கிற கிரைண்டரை எடுத்து வெட்டினேன். பொறி பறந்து இரண்டு மூன்று தாள்களின் மூலை கருகியது. அன்ரி பானைத் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். "ஊத்தாதேங்கோ! வோட்டு நனைஞ்சிடும்!" என்று கத்தி நிறுத்தினேன்.

மகள் எண்ணினாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அப்பா, ஸீரோ."

"ஆருக்கு?"

"உங்களுக்கு. ஒருத்தரும் ஒண்டு போடேல்லை. யூ ஆர் அவுட்."

தாள்களை வாங்கி நானே பார்த்தேன். என் தாளையும் இன்னொன்றையும் தவிர எல்லாத் தாளிலும் என் பெயருக்கு நேரே இரண்டு. முற்றம் முழுவதற்கும் நான் இரண்டாவது. அதனால் முதலில் வெளியே! இது என்ன நியாயம்?

"நீங்கள் எப்பிடியும் வெல்லுவியள்தானே அங்கிள். மற்றவைக்கு ஒண்டும் விழாட்டில் பாவமெண்டு போட்டனான்" என்றாள் தண்டத்தைப் பற்றிக் கேட்ட பிள்ளை. எல்லோரும் தலையாட்டினார்கள். எல்லோரும் அதையே நினைத்திருக்கிறார்கள்.

மனைவி பக்கம் திரும்பினேன். "நீயுமோ?"

"புருசனுக்கு நானே ஒண்டு போட்டாச் சனம் என்ன சொல்லும்? கணக்காளருக்குப் போட்டன், தனிய இருக்கிற மனிசன்."

"எனக்கு ரெண்டாவது போட்டிருக்கலாமே?"

"கடைசி. எனக்கு வெக்கமில்லையோ?"

கணக்காளர் நெஞ்சை நிமிர்த்தினார். "நான் எனக்குத்தான் போட்டனான். சட்டத்தில அதுக்கு இடமிருக்கு." இருந்தும் அவர் தோற்றார். ஒரேயொரு வாக்கால் அன்ரி வென்றார். அந்த ஒன்று யாருடையது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அன்ரி சிலுவை அடையாளம் போட்டு, சூரியனையும் கும்பிட்டு, அரிசியைப் போட்டார். நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு விறகு தள்ளினேன். புகை முழுக்க எனக்கு. பால் ஏறியது, நுரைத்தது, கோடு போட்ட மாதிரி நேரே கிழக்கே வழிந்தது.

"பொங்கலோ பொங்கல்! அன்ரியின்ர கைராசி!" என்று முற்றமே கத்தியது.

"வாசர்! வாசர்!" என்று நானும் கத்தினேன். நானும் பொங்கலோ பொங்கல் சொல்கிறேன் என்று நினைத்து எல்லோரும் கை தட்டினார்கள்.

அன்ரி நல்லவர், அதை மறுக்க மாட்டேன். முதல் அகப்பைப் பொங்கலை எனக்குத்தான் கொண்டுவந்து தந்தார். தந்துவிட்டுக் காதோடு சொன்னார்: "தம்பி, அடுப்பு நல்லாத்தான் இருக்கு. ஆனா கொஞ்சம் சரிவு. வாற வருசத்துக்கிடையில ஆராவது வேலை தெரிஞ்ச ஆளைப் பிடிச்சு நேராக்குங்கோ."

நான் பொங்கலோடு போய் மேற்குக் காலை மறைத்துக்கொண்டு நின்றேன்.

ஆகவே சங்கத்தாரிடமும், அடுத்த பொங்கலுக்கு மைக் பிடிக்கப் போகிறவரிடமும் நேரடியாகவே கேட்கிறேன். முதலாவது, அந்த மேற்குக் காலில் யாரும் கை வைக்கக் கூடாது. இரண்டாவது, கைராசி என்று வாயெடுக்கும் முன் என் பெயரைச் சொல்ல வேண்டும், முழுப் பெயரையும் சொல்ல வேண்டும். அடுப்பு நான் செய்தது. சரிவு நான் வைத்தது. பெட்டி நான் ஒட்டியது, நானே வெட்டியது. அன்ரியை வெல்ல வைத்ததும் என் வாக்கு. இவ்வளவையும் செய்தவன் இரண்டாவது ஆள் இல்லை. அடுத்த பொங்கலுக்குக் கட்டுகிற பதாகையில் அன்ரியின் பெயருக்கு மேலே என் பெயர் வரட்டும். பதாகை கட்டுவதற்குக் கம்பி நான் தருகிறேன். அதையும் எழுதுங்கள்.