அட்டை கேட்கும் அப்பாவின் இமைகள்

என் அப்பா ஒரு தொழிற்சாலை வாசலில் பத்தொன்பது வருடம் காவல் நின்றவர். அடையாள அட்டை இல்லாமல் ஈ எறும்பைக்கூட உள்ளே விட மாட்டார். சாப்பாடு கொண்டுபோகும் என்னிடமும் "அட்டை எங்க?" என்பார்.

"நான் உங்க பொண்ணுப்பா."

"அதுக்கு என்ன அத்தாட்சி?" என்று தூக்குச்சட்டியை மட்டும் வாங்கிக்கொள்வார்.

அப்பேர்ப்பட்டவர் போன மழைக்காலத்தில் தூங்குமூஞ்சி ஆனார். காலையில் கண் நன்றாக இருக்கும். மத்தியானம் தாண்டினால் இமைகள் பாதிக் கண்ணை மூடிவிடும். "நான் தூங்கலடி" என்பார். எல்லாத் தூங்குமூஞ்சியும் சொல்வதுதானே? ஒரு சாயங்காலம் அவரை எழுப்பிவிட ஐஸ் துண்டைத் துணியில் சுற்றி அவர் வலது இமையில் அழுத்தினேன். அவர் திட்டவில்லை.

"இதமா இருக்கு, எடுக்காத."

இரண்டு நிமிடம் கழித்து எடுத்தேன். வலது கண் முழுசாகத் திறந்திருந்தது. இடது கண் தொங்கியபடியே இருந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போய் டாக்டரம்மாவிடம் இதைச் சொன்னபோது அம்மா என் முதுகில் ஒன்று வைத்தாள். டாக்டரம்மாவோ, "நாங்களும் இப்படித்தான் பாப்போம்" என்றார். ரத்தச் சோதனை முடிந்ததும் அப்பாவிடம் விளக்கினார்.

"நெஞ்செலும்புக்குப் பின்னாடி தைமஸ்னு ஒரு சுரப்பி. உடம்பைக் காக்குற செல்லுங்க சிலது அங்கதான் பாடம் படிக்கும். நம்ம உடம்போட துணுக்குகளையே அதுங்களுக்குக் காட்டும். அதுமேல பாயுற செல்லை அங்கேயே ஒழிச்சிடும். தப்பிச்சு வர்றதை அடக்கி வைக்க வேற செல்லுங்க இருக்கு. உங்களுக்கு அந்தக் கட்டுப்பாடு பிசகிடுச்சு. நரம்போட கட்டளை தசைக்குப் போய்ச் சேர்ற இடத்தையே உடம்பு எதிரின்னு நெனச்சு அடைக்குது."

எட்டாவதோடு பள்ளிக்கு முழுக்குப் போட்ட எனக்கே புரிந்தது. "அப்பா மாதிரியே. சொந்தப் பொண்ணுகிட்டயே அட்டை கேக்குது" என்றேன். அம்மா முறைத்தாள். அப்பா மட்டும் சிரிக்கப் பார்த்தார். உதடு முழுசாக வளையவில்லை.

மாத்திரை வேலை செய்ய நாளாகும் என்றார்கள். தொழிற்சாலை மேற்பார்வையாளருக்கு அவ்வளவு பொறுமை இல்லை. வேலை நேரத்தில் தூங்கியதாக அப்பாமேல் ஏற்கெனவே இரண்டு புகார் எழுதியிருந்தார். மூன்றாவது எழுதுவதற்குள் நான் ஐஸ் நிரப்பிய பிளாஸ்க்கோடு வாசலுக்குப் போனேன். அவர் முன்னாலேயே அப்பாவின் இமையில் வைத்துக் காட்டினேன். கண் திறந்தது. கொஞ்ச நேரத்தில் மறுபடி இறங்கியது.

"பாத்தீங்களா சார்? தூக்கம் இல்ல, நோய்."

அவர் "நம்புறேம்மா" என்றார். பிறகு அப்பாவிடம், "அண்ணே, தூக்கம்னா இன்னொரு தடவை எச்சரிச்சு விட்டிருப்பேன். நோய்னு தெரிஞ்ச பிறகு எப்படி வாசல்ல நிறுத்துறது? என் கையில எதுவும் இல்லண்ணே" என்றார்.

அப்பா கழுத்திலிருந்த அட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தார். பிளாஸ்க்கில் மிச்சமிருந்த ஐஸை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

தெருமுனையில் நின்றார். "நீ ரெண்டு பேரா தெரியுற. ஒண்ணையே சமாளிக்க முடியல."

"எது நெஜம்னு அட்டை கேளுங்க."

"எங்க அட்டை?" என்று கையை நீட்டினார், நான் இல்லாத பக்கமாக. நகர்ந்து போய் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன்.