கேரிஜ் என்று கேட்ட சொல்

அவளுக்குக் காது கூர்மை. பக்கத்து வீட்டு அடுப்பில் பால் பொங்குகிற சத்தம் கேட்டு ஓடிப்போய்க் கதவைத் தட்டியவள் என்று மாமியார் வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். அந்தக் காதுதான் முப்பத்தாறாவது வயதில் அவளுக்கு வேலை வாங்கிக் கொடுத்தது.

கடல் தாண்டித் தனியாக வாழும் வயதானவர்கள் கழுத்தில் ஒரு பட்டனை மாட்டிக்கொண்டிருப்பார்கள். விழுந்தாலோ நெஞ்சு வலித்தாலோ அதை அழுத்தினால், ஏழாவது மாடியில் அவள் தலையில் மாட்டியிருக்கும் ஹெட்போனில் குரல் வரும். எங்கே இருக்கிறார், என்ன ஆயிற்று என்று கேட்டு, ஆம்புலன்ஸையோ சாவி வைத்திருக்கும் பக்கத்து வீட்டாரையோ அனுப்பவேண்டும்.

முதல் ஆறு வாரம் அமெரிக்க உச்சரிப்பில் பயிற்சி. பிறகு கம்பெனி பிரிட்டனிலும் வாடிக்கையாளர் பிடித்தது. அதற்கு இரண்டே நாள் வகுப்பு. பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த சொற்களுக்கென்று தனியாக ஒரு தாள் கொடுத்தார்கள். முள் எடுத்த மீன் துண்டு அமெரிக்கர் வாயில் ‘ஃபிலே’, பிரிட்டிஷார் வாயில் ‘ஃபில்லட்’. கார் நிறுத்தும் அறையை அமெரிக்கர்கள் கடைசியில் அழுத்தி ‘கராஷ்’ என்று இழுப்பார்கள். பிரிட்டனில் பலர் முதலிலேயே அழுத்தி, ‘கேரிஜ்’ என்று வெட்டிவிடுவார்கள்.

“ஒரே வீட்ல பொண்ணு எடுத்துட்டு, ஆளுக்கொரு பேர் வெச்சுக் கூப்பிடுறாங்க” என்று அவள் சொன்னதும் வகுப்பே சிரித்தது. தாளில் இருந்ததையெல்லாம் தமிழ் எழுத்தில் நோட்டில் எழுதி மனப்பாடம் செய்தாள். தேர்வில் இருபதுக்குப் பத்தொன்பது. கார் நிறுத்தும் அறை, சரியாக எழுதிய பத்தொன்பதில் ஒன்று.

ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல் அழைப்பு வந்தது. அழைத்தவருக்கு அப்போதுதான் விடிந்திருந்தது. எண்பத்தொரு வயது, ஓய்வுபெற்ற தபால்காரர். மனைவி இல்லை. ‘வெள்ளிக்கிழமைகளில் ரயிலில் போய் நண்பரைப் பார்ப்பார்’ என்று திரையில் குறிப்பு இருந்தது. அவருடைய பட்டன் பழைய மாடல். வெளியே எடுத்துப்போனாலும் வேலை செய்யும், இடத்தைக் காட்டாது.

“விழுந்துட்டேன்மா. இடுப்பு அசையல. கேரிஜ்ல கிடக்கிறேன்.”

அவள் காதில் விழுந்தது ரயில் பெட்டிக்கான சொல், ‘carriage’.

“எந்த ரயில் ஐயா? எங்க ஏறினீங்க?”

“இல்லம்மா, இல்லம்மா. கேரிஜ்.”

“சரிங்க ஐயா, புரியுது. கூட யாராவது இருக்காங்களா?”

மூச்சு மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு தொடர்பு அறுந்தது. அவள் ரயில்வேயைக் கூப்பிட்டாள். பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டபோது, “வெள்ளிக்கிழமைதானே, கிளம்பியிருப்பார்” என்றார் அவர். மூன்று ரயில்களில் தேடினார்கள். அவரோ தன் வீட்டிலேயே, காருக்கும் சுவருக்கும் நடுவில், சிமெண்ட் தரையில் கிடந்தார். சாயங்காலம் குப்பைத் தொட்டி வைக்க வந்த பக்கத்து வீட்டுக்காரர் முனகலைக் கேட்டுக் கதவைத் தூக்கினார். பெரியவர் இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்து, இறந்துபோனார்.

அவளைவிடப் பத்து வயது சின்னவனான டீம் லீடர் பதிவைப் போட்டுக் காட்டினான். “லைன் சரியில்லக்கா. யாருக்கும் இப்படித்தான் கேட்டிருக்கும். மனசுல வெச்சுக்காதீங்க.”

லைன் நன்றாகத்தான் இருந்தது. தொண்டை அதிர்ந்து வந்த ‘garage’-இன் அந்த முதல் எழுத்து இப்போது துல்லியமாகக் கேட்டது. வீட்டுக்கு வந்து நோட்டைப் புரட்டினாள். ‘கேரிஜ்.’ அதன் கீழே ரயில் பெட்டிக்கான சொல்லை எழுதிப் பார்த்தாள். ‘கேரிஜ்.’ நம் எழுத்துக்கு இரண்டும் ஒன்றேதான். இரண்டையும் பார்த்தபடி சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு அந்தக் குரல் அவளை விடவில்லை. துணி உதறும்போது கேட்டது. லிஃப்ட் கதவு மூடும்போது கேட்டது. கோபமே இல்லாத குரல், “இல்லம்மா, இல்லம்மா” என்று. அவள் கணவன் பைக் மெக்கானிக். ஒரு மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டே யாரிடமோ போனில், “நான் கேரேஜ்லதான் இருப்பேன், வாங்க” என்றான். அவள் கையிலிருந்த கரண்டி குழம்போடு தரையில் விழுந்தது.

“அந்த வார்த்தைய இந்த வீட்ல சொல்லாதீங்க.”

“அப்ப கடை போர்டை என்ன பண்றது?” என்று சிரித்தவன், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். மறுநாளிலிருந்து பட்டறை என்றான். ஒரு வாரத்தில், அவள் கேட்காமலே, போர்டையும் மாற்றி எழுதினான்.

மூன்றாவது வாரம், சேவையை ரத்து செய்ய இறந்தவரின் மகள் அழைத்தாள். அழைப்பு இவளுக்கே வந்தது. வேறு ஆளுக்கு மாற்றிவிட்டிருக்கலாம், மாற்றவில்லை. மகள் இருபது வருடமாக அமெரிக்காவில் இருப்பவள்.

“அப்பா கராஷ்ல விழுந்தப்போ பட்டனை அழுத்தினாராமே. ஏதாவது பேசினாரா?”

எதையும் சொல்லக் கூடாது என்பது விதி. அவள் சொன்னாள். “கேரிஜ்ல இருக்கேன்னு சொன்னாருங்க. நான்தான் ரயில் பெட்டின்னு எடுத்துக்கிட்டேன்.”

“அவர் எப்பவும் அப்படித்தான் சொல்வார். நான் மாத்திச் சொல்றேன்னு கேலி பண்ணுவார். நீங்க திருப்பிக் கேக்கலையா?”

“கேட்டேங்க. எந்த ரயில்னு கேட்டேன்.”

“அதுக்கு என்ன சொன்னார்?”

“இல்லம்மா, இல்லம்மான்னு சொன்னாரு.”

மகள் அழவில்லை, திட்டவில்லை. “சரி” என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள்.

நடந்ததை அவளே டீம் லீடரிடம் சொன்னாள். “நீங்களா எதுக்குக்கா வாயக் குடுத்தீங்க? இனி வக்கீல் நோட்டீஸ்தான்” என்று அவன் தலையில் கை வைத்துக்கொண்டான். நோட்டீஸ் வரவில்லை. புகாரும் வரவில்லை. வந்திருந்தால் தேவலை என்று அவளுக்கு இருந்தது. ஆறு மாதம், ஒவ்வொரு திங்கட்கிழமையும், “எனக்கு ஏதாவது வந்திருக்கா?” என்று கேட்டுவிட்டுத்தான் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

வேலையை விடவில்லை. ஆனால் யார் அழைத்தாலும் இடத்தின் பெயரோடு அவள் நிற்பதில்லை. சுற்றி என்ன தெரிகிறது, தரை எப்படி இருக்கிறது, வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று கேட்பாள். அழைப்புகள் நீளுவதாக இரண்டு முறை மெமோ கொடுத்தார்கள். கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டாள்.

போன மாதம் ஒரு கிழவி பட்டனைத் தெரியாமல் அழுத்திவிட்டதாகச் சொல்லி மன்னிப்புக் கேட்டாள். அப்போதும் அவள் விடவில்லை.

“எங்கம்மா இருக்கீங்க? எதிர்ல என்ன தெரியுது?”

கிழவி சிரித்தாள். “என் சமையல் ரூம்தான் தாயே. ஜன்னல்ல ஒரு பூனை உக்காந்திருக்கு.”

பூனை என்ன நிறம் என்று கேட்டாள்.