கணினியில் ஆறிய புண்

எங்கள் அலுவலகத்தில் அவரைப் 'புண்ணாற்றி' என்போம். புண் எப்படி ஆறுகிறது என்று கணக்காக எழுதிக் கணினியில் ஓட்டிப் பார்ப்பது அவர் உத்தியோகம். பக்கத்து மேஜை என்னுடையது. மூலக்கூறுக்கு ஒரு கணக்கு, செல்லுக்கு ஒரு கணக்கு, தோலுக்கு ஒரு கணக்கு என்று எழுதி, மூன்றையும் ஒன்றோடொன்று கோத்து வைத்திருந்தார். திரையில் ஒரு செல் பக்கத்துச் செல்லைத் தொட்டதும் அப்படியே நின்றுவிடும். அதை நாள் முழுக்கப் பார்த்தாலும் அவருக்கு அலுக்காது. சாப்பாடு மட்டும் மறந்துபோகும்.

அதனால் அவருடைய அக்கா தினமும் மதியம் சாப்பாட்டுப் பையோடு வந்துவிடுவார். எங்கள் அறை நாலாவது மாடி. லிஃப்ட் என்றைக்கு ஓடும் என்பதை எந்தக் கணினியாலும் சொல்ல முடியாது. அக்காவுக்குச் சர்க்கரை வியாதி, பாதத்தில் ஒரு புண்.

"இது எப்படா ஆறும்?" என்று ஒருநாள் கேட்டார்.

தம்பிக்குக் கை துறுதுறுத்தது. அக்காவின் வயது, சர்க்கரை அளவு, புண்ணின் அகலம் எல்லாம் போட்டு ஓட்டினார். செல்கள் வரிசைகட்டி வந்து புண்ணை மூடின.

"இந்த மாசக் கடைசிக்குள்ள ஆறிடும்க்கா. பாரு, எப்படி மூடுது."

அக்காவுக்குப் பெருமை பிடிபடவில்லை. தம்பியே சொன்ன பிறகு டாக்டர் எதற்கு?

மாதம் முடிந்தது. புண் அகன்றிருந்தது. இவர் கணக்கைத் திருத்தினார். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று ஜாடையாகச் சொல்லிப் பார்த்தேன், உறைக்கவில்லை. புண்ணை இன்னும் கிட்டத்தில் படம் எடுத்து அனுப்பும்படி, மதியம் வந்த அக்காவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இருவரையும் என் காரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன்.

டாக்டர் கட்டைப் பிரித்தார். "இப்படியே விட்டா விரலை எடுக்க வேண்டி வரும்."

புண்ணாற்றி மடிக்கணினியைத் திறந்து ஏதோ காட்டப் போனார். டாக்டர் அதைப் பார்க்கவே இல்லை.

"இந்தக் காலோட எவ்வளவு நடக்கறீங்கம்மா?"

"நான் எங்க நடக்கறேன் டாக்டர்? வீட்டு வேலையெல்லாம் மருமக பாத்துக்கறா. தம்பிக்குச் சாப்பாடு கொண்டுபோறதோட சரி. நாலே மாடிதான்."

புண்ணாற்றியின் கணக்கில் மூலக்கூறு இருந்தது, செல் இருந்தது, தோல் இருந்தது. படி இல்லை. மடிக்கணினியை மூடிவிட்டு அக்காவின் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டார்.

மருந்தும் ஓய்வுமாகச் சில மாதங்கள் பிடித்தன. விரல் தப்பியது. இப்போது மதியம் இவரே அக்கா வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுகிறார். ஒருநாள் நானும் போயிருந்தேன். பக்கத்து வீட்டம்மாவிடம் அக்கா காலை நீட்டிக் காட்டிக்கொண்டிருந்தார்.

"தம்பி அப்பவே கம்ப்யூட்டர்ல போட்டு ஆறிடும்னு சொன்னான். ஆறிடுச்சு பாருங்க."

புண்ணாற்றி தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.