எட்டோரேக்கு வாங்கிய பொன்னாடை

எட்டோரே கோட்டு மாட்டுவதற்கு முன்பே அவனை எனக்குத் தெரியும். டண்டினோங்கில் நாங்கள் வேலை செய்த கோழித் தொழிற்சாலையில் அவனும் கத்தி பிடித்தவன். இத்தாலியில் பிறந்து, சிறு வயதிலேயே மெல்பேர்னுக்கு வந்தவன். தொழிற்சங்கச் செயலாளர் ஆன பிறகும் எங்கள் சாப்பாட்டு மேசைக்குத்தான் வருவான். என்னோடு வேலை செய்த யோகராணியின் சாப்பாட்டுப் பெட்டியில் உரிமையோடு கைவிட்டு இடியப்பம் எடுப்பான். என்னைவிட மூத்தவன், ஆனாலும் மற்றவர்கள் கூப்பிடுவதைப் பார்த்து அவனும் என்னை "அக்கா" என்பான்.

வேலைநிறுத்தம் நடந்தபோது கொட்டும் மழையில் வாசலில் எங்களோடு நின்றான். அதை நான் மறைக்கமாட்டேன். தற்காலிகத் தொழிலாளரை நினைத்தபடி வேலையிலிருந்து நிறுத்த முடியாத சட்டம் கொண்டுவருவேன் என்று சொல்லித்தான் பாராளுமன்றத் தேர்தலில் நின்றான். நோபல் பார்க்கில் வீடு வீடாக அவனுடைய துண்டுப்பிரசுரத்தைப் போட்டவர்கள் நானும் யோகராணியும். வென்றான். நாங்கள் பாயசம் காய்ச்சிக் குடித்தோம், மடைச்சிகள்.

குளிர் அறையில் பெட்டி தூக்கித் தூக்கி யோகராணியின் வலது தோள் போனது. தற்காலிகத் தொழிலாளிதானே, அடுத்த கிழமையே இனி வேலைக்கு வரவேண்டாம் என்று செய்தி அனுப்பினார்கள். அவளைக் கூட்டிக்கொண்டு எட்டோரேயின் அலுவலகத்துக்குப் போனேன். எங்களைக் கதிரையில் காத்திருக்க வைத்துவிட்டு அவன் பின்கதவால் போய்விட்டான். அந்தச் சட்டம் வாக்கெடுப்புக்கு வந்தபோது எதிர்த்துக் கை தூக்கியவர்களில் அவனும் ஒருவன்.

அந்தத் தை மாதம் தமிழ்ச் சங்கத் தலைவர் கதிர்காமநாதன் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"பொங்கல் விழாவுக்கு எட்டோரே வாறார். பழகின ஆள் நீங்கள்தானே, நீங்களே பொன்னாடை போர்த்துங்கோ."

"யோகராணிக்கு அவர் என்ன பதில் சொல்லுவார், அங்கிள்?"

"உதுகளை மேடையில கதைக்காதேங்கோ பிள்ளை. எங்கட மண்டபத்துக்கு அவர்தான் அரசாங்க உதவி எடுத்துத் தரவேணும்."

"ஓம், கதைக்கமாட்டன்" என்றேன்.

மேடையில் எட்டோரே கைகளை விரித்து "அக்கா!" என்றான். படப்பிடிப்பாளர் தயாரானதும் பொன்னாடைக்காகக் கழுத்தைத் தாழ்த்தினான். நான் அவனைக் கடந்து படியிறங்கினேன். முன்வரிசையில் இருந்த யோகராணியின் இடது கையைப் பிடித்து மேடைக்குக் கூட்டிவந்து, அவளுக்குப் போர்த்தினேன்.

"என்ன விசர் வேலை, சிவகௌரி அக்கா?" என்று முணுமுணுத்தாள்.

கதிர்காமநாதன் ஒலிவாங்கியைத் தேடி ஓடினார். பட்டுத் துணி வழுக்கி யோகராணியின் வலது தோளிலிருந்து இறங்கியது. அதைப் பிடிக்க அவள் வலது கையைத் தூக்கப் பார்த்தாள். நெஞ்சுக்கு மேல் கை எழும்பவில்லை. இன்னொரு தடவை முயன்றாள், வலியில் முகம் கோணியது. பொன்னாடை எட்டோரேயின் சப்பாத்துக்கு முன்னால் விழுந்தது.

மண்டபமே பார்த்துக்கொண்டிருந்தது. நான் ஒரு வார்த்தையும் கதைக்கவில்லை.

எட்டோரே குனிந்து அதை எடுத்தான். யாருக்குப் போர்த்துவது என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.