இரகசிய விருந்தாளி

பாணும் பணிஸும் விற்கும் ஓட்டோ கடக்கும்போது சீனிப் பணிஸ் மணத்தால், வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கை கடலைத் தொடும் இடத்தில் இருந்த வெறுங்காணி இன்றைக்கும் நினைவுக்கு வந்துவிடுகிறது. சித்திரைப் புத்தாண்டு விளையாட்டுகள் அங்கேதான் நடக்கும், கைபடாமல் கடிக்கவேண்டிய, நூலில் ஆடும் பணிஸ், தலையணைச் சண்டையில் பறக்கும் பஞ்சு, ரயில் போகும்போதெல்லாம் அமுங்கிப்போகும் ஒலிபெருக்கி என்று. இப்போது அங்கே அடுக்குமாடி. கடல் தெரியும் மேல்வீடு, அப்போது எங்கள் பக்கத்து வீட்டில் இருந்த ஷாமினியுடையது.

கூட்டத்தில் ஒருவரை இரகசிய விருந்தாளியாக வைப்பார்கள். சரியான ஆளிடம் கேட்டுக் கண்டுபிடிப்பவருக்குப் பரிசு. யாரும் கண்டுபிடிக்காவிட்டால் அது விருந்தாளிக்கே. அந்த முறை விருந்தாளி நான். ஆனால் சனம் முழுக்க ஷாமினியைத்தான் மொய்த்தது.

"நீர்தானே விருந்தாளி?"

"ஐயோ, நானில்லை."

அவள் மஞ்சள் சட்டையைச் சுழற்றிச் சுழற்றிச் சலித்துக்கொண்ட அழகில் எனக்கு வயிறெரிந்தது. யாராவது ஒருவர், ஒரேயொரு தரம், என்னைக் கேட்டிருந்தால் பரிசு போனாலும் போகட்டும் என்றிருந்தது.

மாலையில் ஒலிபெருக்கி என் பெயரைச் சொன்னது. எல்லோரும் கைதட்டினார்கள்.

"எப்பிடியடி இவ்வளவு நேரமும் ஒளிச்சு நிண்டனீ?" என்று வியந்தாள் ஷாமினி.

நான் ஒளியவே இல்லை. காலையிலிருந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன்.