ரான் எழுதிய முகவரிகள்

எங்கள் கிராம அலுவலக எழுத்தர் ரான் மிங்ஷுவுக்குக் களைப்பு பிறவியிலேயே வந்தது என்றுதான் நான் நினைத்திருந்தேன். அலுவலகத்துக்கு எதிரே என் கடை. உப்பு, சிகரெட், ஊதுபத்தி, எரிக்கிற மஞ்சள் தாள் எல்லாம் விற்கிறேன். இருபத்திரண்டு வருஷமாக அந்த மனுஷன் அந்தப் படிகளில் ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். காலையில் என்ன முகமோ சாயங்காலமும் அதே முகம். பார்க்கிற நமக்கே கொட்டாவி வரும்.

பிறகுதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அவருக்கும் என்னதான் வழி? பத்தொன்பது வயதில் வேலையில் சேர்ந்தபோது எங்கள் ஊருக்குப் பெயரே இல்லை, எண்தான். அது கூட்டுப்பண்ணைக் காலம்: செங்கொடி கம்யூன், நான்காம் பிரிகேடு. கம்யூனைக் கலைத்ததும் ஓடைவளைவு என்ற பழைய பெயர் திரும்பி வந்தது. அப்புறம் எங்கள் வட்டாரம் ரொம்பச் சின்னது என்று பக்கத்து வட்டாரத்தோடு சேர்த்தார்கள். அப்புறம் அந்த வட்டாரத்தையே நகரியம் ஆக்கினார்கள். மாவட்டத்தில் யாரோ ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு கோடு போடுவார். இங்கே ரான் துணிப்பையில் முத்திரையையும் மைப்பெட்டியையும் போட்டுக்கொண்டு மலையேறுவார். வீடு வீடாகக் குடும்பப் பதிவேட்டை வாங்கி, பழைய வரியை அடித்து, மேலே புது வரி எழுதி, கதவில் புது முகவரித் தகடு அடிக்க வேண்டும். இரண்டு தடவை நாய் கடித்தது. இரண்டும் ஷியாங் கிழவர் வீட்டு நாய்கள்தான்.

"நான் இந்த வீட்ட விட்டு எங்கயும் நகரல. ஆனா நாலு ஊர்ல குடியிருந்துட்டேன்" என்பார் ஷியாங் கிழவர்.

"எனக்கு மட்டும் என்ன, பிரயாணப் படியா குடுத்தாங்க?" என்பார் ரான். அதற்கும் முகம் மாறாது.

இந்த வசந்தத்தில் ஐந்தாவது முகவரி வந்தது. ஓடைவளைவு, கரடிப்பாறை, உப்புக்கிணறு மூன்றும் சேர்ந்து ஒரே கிராமம். எந்தப் பெயரை வைப்பது என்று மூன்று கூட்டம் போட்டோம். கரடிப்பாறைக்காரர்கள், "உங்க ஓடையில தண்ணியே இல்ல, பேரு மட்டும் எதுக்கு?" என்றார்கள். நாங்கள் அவர்களுடைய கரடியைப் பற்றிக் கேட்டோம். கடைசியில் மாவட்டத்துக்காரர்கள் சலித்துப்போய் யாருக்கும் சொந்தமில்லாத ஒரு பெயரை வைத்துவிட்டார்கள்: புதுவளம். வளம் எங்கே என்று நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். இனிச் செல்லாது என்பதற்காகப் பழைய முத்திரையின் மூலையை வெட்டி, கைக்குட்டையில் சுற்றி, பேருந்தேறிப் போய் ஒப்படைத்துவிட்டு வந்தார் ரான். இனி எந்தத் தாளிலும் பழைய பெயர் இருக்கக்கூடாது என்று சுற்றறிக்கை வந்தது.

அதோடு ஏழாம் மாதமும் வந்துவிட்டது.

ஏழாம் மாதத்தில் செத்தவர்கள் வீட்டுக்கு வந்து போவார்கள்; வழியனுப்புகிற அன்று அவர்களுக்குப் பொட்டலம் எரிப்போம். அவர்களுக்குப் பணமாகிற மஞ்சள் தாளை மடித்துக் கட்டி, மேலே தூரிகையால் யாருக்கு, யார் அனுப்புகிறார்கள், எந்த ஊரிலிருந்து என்று எழுத வேண்டும். எழுத்து சரியாக இல்லாவிட்டால் நாதியற்று அலைகிற ஆவிகள் பிடுங்கிக்கொள்ளும். என் கையெழுத்து கோழிக்கிறுக்கல். ஊரில் எல்லோருக்கும் எழுதித் தருவது ரான்தான்.

எனக்கு இது முதல் வருஷம். போன இலையுதிர் காலத்தில் என் புருஷன் தியான் தெஃபு தூர தேசத்தில் பாலம் கட்டுகிற இடத்தில் விழுந்து செத்துப்போனார். பெட்டியில் சாம்பலாக வந்தார். கூட வந்த பையில் ஒற்றைக் காலணிதான் இருந்தது. இன்னொன்றைக் கேட்டேன், யாருக்கும் தெரியவில்லை. அதனால் பொட்டலத்துக்குள் தாளிலேயே ஒரு ஜோடி காலணி செய்து வைத்தேன். மூன்று நாள் பிடித்தது. அது அவர் கைக்குப் போய்ச் சேர வேண்டும், எனக்கு வேறொன்றும் வேண்டாம்.

அலுவலக முற்றத்தில் மேசை போட்டு ரான் எழுதிக்கொண்டிருந்தார். வரிசை கேட்டுக்கு வெளியே வரை நின்றது. என் முறை வந்தபோது அவர் தூரிகையைப் பார்த்தேன்.

"அண்ணே, என்ன பேரு எழுதுறீங்க?"

"புதுவளம்."

"அது அவருக்குத் தெரியாதே. அவரு போனப்புறம்தானே வெச்சாங்க."

"எந்தத் தாள்லயும் பழைய பேரு கூடாதுன்னு வந்திருக்கு."

"அது ஆபீஸ் தாளுண்ணே. இது எரிக்கிற தாளு."

"தாளு தாளுதான், யாவ்மெய்."

"எமலோகத்துக்கும் சுற்றறிக்கை போயிருக்கா?" என்றார் பின்னால் நின்ற ஷியாங் கிழவர். வரிசையே சிரித்தது. ரான் சிரிக்கவில்லை.

"ஆளுக்கொரு பேரா எழுதினா நாளைக்கு என்னத்தான் கேப்பாங்க. நாப்பத்தி மூணு வருஷம் ஆச்சு. என்னால முடியலம்மா. அடுத்து யாரு?"

அந்த 'முடியல'தான் என் வாயை அடைத்தது. போன குளிர்காலத்தில் அவர் மனைவி பெங் சிங்யிங்கும் போய்ச் சேர்ந்திருந்தாள். அவருக்கும் இது முதல் வருஷம்தான். பாவம், தன் பெண்டாட்டிக்கே புதுப் பெயர் எழுதுகிற மனுஷனிடம் நான் என்ன வம்பு வளர்ப்பது என்று பொட்டலத்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

வழியனுப்புகிற அன்று, பொழுது சாயும் நேரத்தில், எல்லோரும் ஆற்றங்கரையில் எரித்தோம். ரான் மட்டும் வளைவைத் தாண்டித் தனியாகப் போய் உட்கார்ந்தார். என்னுடையது நன்றாகப் பற்றி எரிந்து முடிந்தது. அப்புறம் பிடித்தது மழை. எல்லோரும் ஓடினோம்.

மறுநாள் காலையில் கீரை அலசப் போனேன். வளைவுக்கு அந்தப் பக்கம் ஒரு பொட்டலம் பாதி கருகி, நனைந்து, கல்லில் ஒட்டிக் கிடந்தது. எழுத்து கலைந்திருந்தாலும் படிக்க முடிந்தது. பெங் சிங்யிங். அனுப்புகிறவர் ரான் மிங்ஷு. ஊர்: ஓடைவளைவு.

ஊருக்கெல்லாம் சட்டம், தன் பெண்டாட்டிக்கு மட்டும் சலுகையா? கீரையை அங்கேயே போட்டுவிட்டு அந்த ஈரப் பொட்டலத்தோடு நேராக அலுவலகத்துக்குப் போனேன். அவர் தனியாகத் தகடுகளுக்கு எண் போட்டுக்கொண்டிருந்தார். மேசைமேல் அதை வைத்தேன்.

"தாளு தாளுதான்னு சொன்னீங்க. இது என்ன தாளுண்ணே?"

அவர் அதைப் பார்த்தார். என்னை ஏறெடுத்துப் பார்க்கவில்லை.

"என் புருஷன் செருப்பில்லாம அலையுறாரு. அவருக்குத் தெரியாத ஊர்லருந்து அனுப்ப வெச்சீங்க. உங்க வீட்டுக்கு மட்டும் பழைய பேரா? ஊர்ல சொன்னா உங்கள என்ன செய்வாங்க தெரியுமா?"

"சொல்லு" என்றார். "சொல்லிடு யாவ்மெய். எனக்கும் அலுத்துப்போச்சு."

"ஏன் அப்படிப் பண்ணீங்க?"

அவர் தூரிகையைக் கீழே வைத்தார்.

"அவளுக்குப் படிக்கத் தெரியாது. கல்யாணமான புதுசுல சந்தைக்குப் போயிட்டுத் திரும்பறப்ப தப்பு வண்டியில ஏறிட்டா. ராத்திரி முழுக்க எங்கயோ உக்காந்து அழுதிருக்கா. அப்புறம்தான் வண்டிப் பலகையில இருக்கற நம்ம ஊரு பேர மட்டும் சொல்லிக் குடுத்தேன். ஒரு மாசம் ஆச்சு. சாகற வரைக்கும் அவ படிச்ச ஒரே வார்த்தை அதுதான். தன் பேருகூடத் தெரியாது. அங்க அத்தன பொட்டலம் கெடக்கும், அவ எதப் பாத்துட்டு எடுப்பா?"

அவர் பொட்டலத்தின் ஓரத்தை விரலால் தொட்டார். விரல் கருப்பானது.

"எரியவே இல்லியா?" என்றார். "இவ்வளவு அப்படியே நின்னுடுச்சா?"

நான் கோபத்தில் அதை யோசிக்கவே இல்லை. எரியாதது போய்ச் சேராது. அவள் வாங்கிக்கொண்டாள் என்று நினைத்துக்கொண்டு ராத்திரி நிம்மதியாகத் தூங்கியிருப்பார் மனுஷன். அந்தச் சனியனை நான்தான் தூக்கிக்கொண்டு வந்து அவர் மேசையில் வைத்தேன்.

"காய வெச்சு எரிங்கண்ணே. ஒரு நாள் தள்ளிப் போனா வாங்க மாட்டாளா என்ன? நான் யாருகிட்டயும் மூச்சு விட மாட்டேன்."

"தெஃபுவுக்கு?" என்றார். முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தார். கண் கலங்கியிருந்தது. "உன் புருஷனுக்கு நான் பண்ணினது?"

"அவரு நாலாவது வரைக்கும் படிச்சவரு. என் பேரப் பாத்தா தெரிஞ்சுக்குவாரு. ஊர் பேரு புதுசா இருந்தா அங்க இருக்கறவங்கள யாரையாவது கேட்டு வாங்கிக்குவாரு. நீங்க மனசப் போட்டு உழப்பிக்காதீங்க."

அவர் தலையாட்டினார். நான் வாசலைத் தாண்டி, ரோட்டைக் கடந்து, கடையைத் திறந்து உட்கார்ந்தேன். ரானுக்காகத்தான் அப்படிச் சொல்லிவிட்டு வந்தேன். பதினெட்டு வருஷம் என் புருஷனோடு குடித்தனம் செய்திருக்கிறேன். எத்தனை தடவை வழி தவறினாலும், ஒரு நாளும் அவர் யாரிடமும் வாய் திறந்து கேட்டதில்லை.