நிறுத்திப் பார்த்தவர்

பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் சாலையில் உள்ள ஒரு ஜின்னிங் மில்லில் நான் மெயின்டனன்ஸ் பார்க்கிறேன். பருத்தியிலிருந்து கொட்டையைப் பிரிக்கும் மெஷின்கள் எங்களிடம் ஆறு. முதலாளி மில்லை விற்கப்போகிறார் என்ற பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்த சமயத்தில், எம்.எல்.ஏ. வருகிறார் என்றார்கள். ஜவுளி மெஷின் தயாரித்துப் பெரிய ஆளானவர்; பிறகு கட்சிக்கு வந்து ஜெயித்தவர். தொழிலாளர்களைப் பார்க்கத்தான் வருகிறார் என்றார் முதலாளி. நான் நம்பவில்லை.

பழைய மெஷின் பார்க்க வருகிறவர்களில் இரண்டு வகை உண்டு. ஓட்டுவதற்கு வாங்குகிறவர் ஓடவிட்டுப் பார்ப்பார். எடைக்கு எடுக்கிறவர் நிறுத்தச் சொல்லித் தட்டிப் பார்ப்பார். அவருக்கு வேண்டியது இரும்பு.

பொன்னாடையோடு உள்ளே வந்த எம்.எல்.ஏ. முதலில் சொன்னது: "மெஷின நிறுத்தச் சொல்லுங்க."

பேச்சு காதில் விழ வேண்டுமே என்று சொல்கிறார் என எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். பேசவும் செய்தார். "இந்த மில்லு உங்க வூடு மாதிரி," என்றதும் பெண்கள் கைதட்டினார்கள். பேசி முடித்துத் திரும்பும்போது, மூன்றாவது மெஷினின் உடம்பை விரல் முட்டியால் தட்டினார்.

பருத்தி அள்ளிப் போடும் அக்கா என் காதருகே வந்தார். "என்ன தம்பி, தேங்கா வாங்குற மாதிரி தட்டுறாரு?"

என் வாய் சும்மா இருக்கவில்லை. "ஐயா, ஓடவுட்டுப் பாக்கலீங்களே?"

முதலாளி முறைத்தார். எம்.எல்.ஏ. சிரித்தார். "ஏன், ஓடாதா?"

"நல்லா ஓடுங்க."

"போடுங்க, பாப்போம்."

சுவிட்சைப் போட்டேன். அவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு, பேரிங் மூடியின் மேல் புறங்கையை வைத்துக் கண்ணை மூடினார். கட்சிக்காரர்கள் போட்டோ எடுத்தார்கள்.

"பேரிங் போவப் போவுது. ரொம்ப நாள் தாங்காது," என்றார்.

சரிதான். எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. மனிதர் வேலை தெரிந்தவர். ஆனால் குறையை அவர் என்னிடம் சொல்லவில்லை. முதலாளி முகத்தைப் பார்த்துச் சொன்னார், விலையைக் குறைக்கிறவர் சொல்வதுபோல.

"மாத்திரலாங்க," என்றேன்.

"அவசரப்படாதீங்க. நான் ஆளு அனுப்புறேன்."

வரப்போவது மெக்கானிக்கா, மெஷினை ஏற்றிப்போகும் லாரிக்காரரா என்று அவர் சொல்லவில்லை. முதலாளியும் கேட்கவில்லை.

கார்கள் போனதும் அக்கா கேட்டார்: "அப்ப நமக்கு வேல இருக்கா, இல்லியா?"

யார் வந்தாலும், வரும்போது ஆறு மெஷினும் குறையில்லாமல் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். முதலாளியிடம் சொல்லாமலே, பேரிங் வாங்கத் திருச்சி பஸ் ஏறினேன்.